மெமரி கார்டு வாங்குவோர் படும் பாடு

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சனிக்கிழமை மாலை வேளையில் கால் வைக்க இடம் இராது. பீன்யாவில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி, சிவாஜி நகரில் கணக்கு எழுதும் குமாஸ்தா, ஒயிட்ஃபீல்டில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் என்று பலரும் சார்ஜருக்கும் ஹெட்போனுக்கும் பழைய கம்ப்யூட்டர் சாமான்களுக்கும் அங்கேதான் வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை, லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பட்டன் போன். மறு கையில் விரல் நகம் அளவு மெமரி கார்டு. 64 ஜி.பி. என்று அதில் பெரிதாகப் போட்டிருந்தது.

"அண்ணே, போன வாரம் உங்க கடையிலதான் வாங்கினேன். போன்ல போட்டா கார்டே இல்லைன்னு காட்டுது."

கடைக்காரர் அந்தக் கார்டைத் தம்முடைய ஸ்மார்ட் போனில் செருகினார். உடனே திறந்தது. "கார்டு நல்லாத்தான் இருக்குப்பா. உன் போன்லதான் கோளாறு."

எதிர் வரிசையில் போன் ரிப்பேர் செய்பவரிடம் போனார். அவர் ஒரு பழைய 4 ஜி.பி. கார்டை எடுத்து அதே போனில் போட்டார். பாட்டுப் பாடியது. "போன் நல்லாத்தான் இருக்கு. கார்டுதான் சரியில்லை."

இருவரும் பொய் சொல்லவில்லை. கார்டும் நல்லது, போனும் நல்லது. இரண்டையும் காசு கொடுத்து வாங்கியவர் மட்டுமே நடுவில் நின்றார். இந்த விவகாரத்தின் விசித்திரமே இதுதான். இந்த நாட்டின் எந்தப் பெரிய ஊரிலும், பம்பாய் லாமிங்டன் ரோட்டிலும் டில்லி நேரு பிளேசிலும் சென்னை ரிச்சி தெருவிலும், இந்த நாடகம் நடக்கிறது.

ஒரு மெமரி கார்டுக்காக இத்தனை பேச்சா என்று மாதாமாதம் இணையக் கட்டணம் கட்டிப் பெரிய போன் வைத்திருப்பவர்கள் கேட்கலாம். அவர்களுக்குக் கார்டே தேவையில்லை. ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கி, இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் தொழிலாளிக்கு, இரண்டு மூன்று நாள் சார்ஜ் நிற்கிற பட்டன் போனும் அதில் ஒரு கார்டும் பெரிய துணை. ஊர்த் திருவிழா நாதஸ்வரமும், பழைய படப் பாட்டும், பட்டிமன்றப் பேச்சும், ஊரிலிருந்து மகள் பாடி அனுப்பியதும் அதற்குள்தான் இருக்கின்றன. கார்டில் பாட்டு ஏற்றித் தருவதையே பிழைப்பாகக் கொண்ட சிறு கடைகள் ஒரு காலத்தில் தெருவுக்கு இரண்டு இருந்தன. இன்னும் சில இருக்கின்றன. கார்டுக்குப் போகிற சில நூறு ரூபாய், கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல.

ஒரே உருவம், மூன்று சாதி

எஸ்.டி. கார்டு என்ற பொருளை 1999-ல் மாட்சுஷிட்டா, சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று கம்பெனிகள் சேர்ந்து அறிவித்தன. மாட்சுஷிட்டா என்றால் பானசோனிக் கம்பெனி. 2000-ல் இதற்காகவே ஒரு சங்கம் அமைத்தார்கள். எல்லாக் கம்பெனிக் கார்டும் எல்லாக் கம்பெனிக் கருவியிலும் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்த அளவில் அது நல்ல காரியமே. அதே குடும்பத்தில் பிறந்த குட்டிதான் போன்களில் போடும் மைக்ரோ எஸ்.டி. கார்டு, நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர்.

முதலில் வந்த எஸ்.டி. கார்டுகளுக்கு உச்ச வரம்பு 2 ஜி.பி. அது போதாமல் போனதும், 2006-ல் எஸ்.டி.ஹெச்.சி. என்று இரண்டாவது வகை வந்தது. இது 32 ஜி.பி. வரை போகும். அதுவும் போதாமல், 2009-ல் எஸ்.டி.எக்ஸ்.சி. என்ற மூன்றாவது வகையை அறிவித்தார்கள். இது 2 டி.பி. வரை, அதாவது இரண்டாயிரம் ஜி.பி.க்கும் மேலாகப் போகும். 2018-ல் நான்காவதாக ஒன்றையும் அறிவித்துவிட்டார்கள். அதன் வரம்பு 128 டி.பி. கடைத்தெருவில் சாமானியர் கையில் படுவது முதல் மூன்றுதான்.

மூன்றும் பார்வைக்கு ஒன்றே. நீளம், அகலம், கனம், ஓரத்து வெட்டு, எதிலும் மாற்றமில்லை. ஒன்றுக்குச் செய்த துளையில் மற்றதும் சுகமாக நுழையும். புதிய கருவி பழைய கார்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பழைய கருவி புதிய கார்டை ஏற்காது. 2005-ல் போனஸ் பணத்தில் டிஜிட்டல் கேமரா வாங்கிய குமாஸ்தா ஒருவர் இன்று கடையில் 16 ஜி.பி. கார்டு வாங்கிப் போட்டால், கேமரா "கார்டு பிழை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 32 ஜி.பி. வரை மட்டும் ஏற்கும் பட்டன் போனில் 64 ஜி.பி. கார்டைப் போட்டால், எஸ்.பி. ரோட்டில் நடந்ததே நடக்கும். வழியில் 2 ஜி.பி.யில் ஒரு மதில், 32 ஜி.பி.யில் ஒரு மதில். கார்டு வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் தெரியாது.

இந்த மதில்கள் எப்படி வந்தன? கணக்குப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பேரேட்டில் பக்க எண் எழுத மூன்று கட்டம்தான் அச்சிட்டிருக்கிறார்கள் என்றால், 999-க்கு மேல் பக்கம் போட முடியாது. பேரேட்டைத் தடியாக பைண்டு செய்வதால் பயனில்லை. எண் எழுத இடம் இல்லை. பழைய எஸ்.டி. முறையில், கார்டின் கொள்ளளவைக் கருவிக்குச் சொல்லும் இடம் அப்படித்தான் குறுகலாக இருந்தது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. பழைய முறையில் கருவி கார்டிடம் தகவலைக் கேட்கும்போது, ஒவ்வொரு பைட்டுக்கும் தனி எண் சொல்லிக் கேட்கும். அரிசியை மணி மணியாக எண்ணுவது போல. இரண்டாவது வகையில் 512 பைட்டை ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு ஓர் எண் என்று ஆக்கினார்கள். எண்ணின் நீளம் மாறாமலே பல மடங்கு சரக்கைக் கணக்கில் கொண்டுவர முடிந்தது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் பழைய கருவி மணிக் கணக்கில் கேட்க, புதிய கார்டு மூட்டைக் கணக்கில் கொடுத்தால் குட்டிச்சுவர்தான். அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். "மூட்டைக் கணக்கு எனக்குத் தெரியும்" என்று கருவி முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கார்டு "தயார்" என்று பதில் கொடுக்காது. பழைய கேமராவில் புதிய கார்டு ஊமையாகி நிற்பதன் ரகசியம் இதுதான். அது பழுதல்ல. வேண்டுமென்றே காக்கும் மௌனம்.

இரண்டாவது மதில் வேறு தினுசு. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் எழுதப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. இரண்டாவது வகைக் கார்டுகள் ஃபேட் 32 என்ற முறையில் வருகின்றன. எக்ஸ்ஃபேட் மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்குச் சொந்தமானது. அதைப் படிக்கும் வசதியைக் கருவியில் வைக்க அந்தக் கம்பெனியிடம் உரிமம் பெற வேண்டியிருந்தது. 2019-ல்தான் அதன் முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் வெளியிட்டது. ஆக, இங்கே தடை கம்பியிலோ துளையிலோ இல்லை. எழுத்து முறையில் இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் கன்னடத்தில் எழுதிய கடிதத்தைக் கொடுத்தது போலத்தான். கண்ணிலும் குறையில்லை, கடிதத்திலும் குறையில்லை.

இதனாலேயே 64 ஜி.பி. கார்டைக் கம்ப்யூட்டரில் வைத்து ஃபேட் 32 முறைக்கு மாற்றிவிட்டால், 32 ஜி.பி. வரை என்று சொல்லப்பட்ட போன்களிலும் அது வேலை செய்வது உண்டு. எல்லாவற்றிலும் செய்யும் என்று உத்தரவாதம் கிடையாது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் வழக்கமாகத் திறக்கும் ஃபார்மேட் பெட்டியிலும், 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுக்கு ஃபேட் 32 என்ற தேர்வே நெடுங்காலம் வைக்கப்படவில்லை. அதற்கென்று தனி மென்பொருள் தேட வேண்டும். லேத் பட்டறைத் தொழிலாளி இதையெல்லாம் எங்கே போய்ச் செய்வார்?

பழைய காலத்தில் எப்படிச் செய்தார்கள்?

தொழில் வளர்ந்தால் பழையது கழியத்தான் செய்யும் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. எப்போதும் அப்படி நடந்ததில்லை. 1982-ல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது, கருப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர் அதைத் தூக்கி எறிய வேண்டி வரவில்லை. அதே ஒளிபரப்பு அவர் பெட்டியில் கருப்பு வெள்ளையில் தெரிந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியை அப்படிப் பார்த்தவர்கள்தான் மிகப் பலர். இது தானாக அமைந்த வசதி அல்ல. அமெரிக்காவில் 1950-ல், பழைய பெட்டியில் தெரியாத ஒரு வண்ண முறைக்கு அனுமதி கொடுத்தார்கள். அது எடுபடவில்லை. 1953 டிசம்பரில், பழைய பெட்டியிலும் தெரியக்கூடிய வேறொரு முறைக்கு அனுமதி கொடுத்தார்கள். பழைய பெட்டிக்காரரைக் கைவிடக் கூடாது என்று யோசித்து எடுத்த முடிவு அது.

கேசட்டை எடுத்துக்கொள்ளலாம். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்தது. ஸ்டீரியோ பதிவு வந்தபோது, இடது வலது இரண்டு தடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பழைய ஒற்றைத் தட டேப் ரிக்கார்டரின் தலை இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். புதுக் கேசட் வாங்கிய எவரும் "உங்கள் டேப் ரிக்கார்டர் எந்த வருஷத்தது?" என்ற கேள்விக்கு ஆளாகவில்லை. இன்று வாங்கும் எல்.இ.டி. பல்பு, தாத்தா காலத்து வீட்டுப் பித்தளை ஹோல்டரிலும் மாட்டுகிறது.

மாற்ற முடியாத இடத்தில் வேறொரு நேர்மை இருந்தது. 15 ஆம்பியர் பவர் பிளக்கை 5 ஆம்பியர் துளையில் சொருக முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது பொருந்தாது என்பது கைக்கே தெரிந்துவிடும். மீட்டர் கேஜ் ரயில் பெட்டியை அகலப் பாதையில் வைத்துவிட்டு "ஏன் ஓடவில்லை?" என்று யாரும் கேட்டதில்லை. பொருந்தினால் ஓட வேண்டும். ஓடாது என்றால் பொருந்தக் கூடாது. இதுதான் தொழில் தர்மமாக இருந்தது. மெமரி கார்டு விஷயத்தில் இரண்டையும் விட்டுவிட்டார்கள். நுழையும், ஆனால் ஓடாது.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கருவியின் மூளைக்குள் இல்லாத ஒரு வித்தையைப் புதிய கார்டு கற்றுக் கொடுக்க முடியாது. வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாகக் காட்டலாம், 64 ஜி.பி.யை 2 ஜி.பி. கருவிக்கு அப்படிச் சுருக்கிக் காட்டுவது சுலபமல்ல. உருவத்தை மாற்றியிருந்தால், புதுக் கருவியில் பழைய கார்டு நுழையாமல் போயிருக்கும். அதற்கும் ஜனங்கள் திட்டியிருப்பார்கள். மூன்று வகைக்கும் மூன்று பெயர், மூன்று முத்திரை கொடுத்தோமே என்றும் அவர்கள் சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆகவே மாற்றம் செய்தது குற்றம் என்று சொல்வதற்கில்லை. செய்த மாற்றத்தை வாங்குபவரிடம் சொல்லாததுதான் குற்றம்.

அட்டையில் இருப்பதும் இல்லாததும்

ஒரு மைக்ரோ எஸ்.டி. கார்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒரு வட்டத்துக்குள் 10. வாளி போன்ற ஒன்றுக்குள் 1 அல்லது 3. பக்கத்தில் ரோமன் எழுத்தில் ஒன்று. வி30 என்று ஓர் அடையாளம். ஏ1 என்று இன்னொன்று. இத்தனையும் கார்டின் வேகத்தைப் பற்றிய பெருமை. வட்டத்துக்குள் 10 என்றால் விநாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும். வி30 என்றால் 30 எழுதும். ஏ1 என்றால் ஸ்மார்ட் போன் செயலிகளுக்கு ஏற்றது. பட்டன் போன்காரருக்கு இவற்றில் ஒன்றாலும் பயனில்லை. அவருக்குத் தேவையான தகவல் ஹெச்.சி., எக்ஸ்.சி. என்ற இரண்டெழுத்து மட்டுமே. அது கொள்ளளவு எண்ணுக்கு அருகில் எறும்பு அளவில் அடங்கிக் கிடக்கும். அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று அட்டையில் எந்த இந்திய மொழியிலும் விளக்கம் இராது.

சிகரெட் பெட்டியில் படம் போட்டு எச்சரிக்கச் சொல்கிறது சட்டம். எண்ணெய்ப் பாக்கெட்டில் எடை, விலை, தயாரித்த மாதம் எல்லாம் போட வேண்டும். மெமரி கார்டு உறையில், "இந்தக் கார்டு எக்ஸ்.சி. முத்திரை உள்ள கருவிகளில் மட்டுமே வேலை செய்யும், 32 ஜி.பி. வரை மட்டும் ஏற்கும் போன்களில் வேலை செய்யாமல் போகலாம்" என்று இரண்டு வரி போட்டால் எந்தக் கம்பெனி மூழ்கிவிடும்? போன் கம்பெனிகளும் குறிப்புப் புத்தகத்தின் மூலையில் ஒளித்து வைக்கும் 32 என்ற எண்ணை, பாட்டரி மூடியைத் திறந்தால் கார்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம். செலவு பைசாக் கணக்கில்கூட வராது.

கடைக்காரர்களையும் சும்மா விட்டுவிட முடியாது. எந்தப் போனுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டு, அந்தப் போனிலேயே செருகிக் காட்டிக் கொடுக்க இரண்டு நிமிஷம் ஆகும். இதைச் செய்கிற நல்ல வியாபாரிகள் இருக்கிறார்கள். செய்யாதவர்கள், அதிகக் கொள்ளளவு என்றால் அதிக மதிப்பு என்று நம்பி வருகிறவரிடம் பெரிய கார்டைத் தள்ளிவிடுகிறார்கள். 2 ஜி.பி. கார்டோ இன்று கடைகளில் தேடினாலும் எளிதில் அகப்படாத சரக்கு. பழைய கேமராக்காரர் பழைய சாமான் கடைகளில் துழாவ வேண்டியிருக்கிறது. நன்றாக வேலை செய்கிற கருவி, தீனி கிடைக்காததால் குப்பைக்குப் போகிறது.

போலிக் கார்டுகள் இந்தக் குழப்பத்துக்குள் இன்னொரு குழப்பம். உள்ளே 8 ஜி.பி. மட்டுமே இருக்க, 128 ஜி.பி. என்று கருவியிடம் பொய் சொல்லும்படி தயாரித்தவை நடைபாதையிலும் இணையத்திலும் விலை போகின்றன. முதல் சில நூறு பாட்டு ஒழுங்காகப் பாடும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் பாழ். பொருந்தாத கார்டா, போலிக் கார்டா, பழுதான கார்டா என்று வாங்கியவரால் பிரித்தறிய முடிவதில்லை. அந்தக் குழப்பம் போலி விற்பவருக்கு நல்ல மறைவிடமாக இருக்கிறது.

"ஃபார்மேட் செய்யவா?"

பணம் போனால் சம்பாதிக்கலாம். இதில் அதைவிடக் கொடிய இழப்பு ஒன்று உண்டு. தகப்பனாரின் அறுபதாம் கல்யாணத்தைப் படம் பிடித்த ஸ்டூடியோக்காரர் வீடியோவை 64 ஜி.பி. கார்டில் போட்டுக் கொடுக்கிறார். பிள்ளை அதை ஆபீசில் உள்ள பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் செருகுகிறார். எக்ஸ்ஃபேட்டைப் படிக்க உதவும் இணைப்பு 2009-ல்தான் எக்ஸ்பிக்கு வந்தது. அதை ஏற்றாத கம்ப்யூட்டருக்குக் கார்டில் இருப்பது ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று அது சொல்லியிருந்தால் பிழைத்தோம். அதற்குப் பதிலாக, "இந்தக் கார்டு ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?" என்று கேட்கிறது. சில கேமராக்களும் போன்களும் இதே கேள்வியைக் கேட்கின்றன. கேட்பது இயந்திரம், விஷயம் தெரிந்துதான் கேட்கும் என்று நம்பி "ஆம்" என்ற பொத்தானை அழுத்துகிறார். அறுபதாம் கல்யாணம் போய்விட்டது.

தனக்குப் படிக்கத் தெரியாத கடிதத்தை வெற்றுத் தாள் என்று சொல்லி அழித்துவிடலாமா என்று கேட்கிற இந்த வழக்கம், இந்த விவகாரத்தில் உள்ள எல்லாவற்றிலும் மோசமானது. அப்படிக் கேள்வி வந்தால் "இல்லை" என்று சொல்லிக் கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். தெரியாமல் அழுத்திவிட்டாலும், அதன்பின் அந்தக் கார்டில் ஒரு படம்கூடப் புதிதாக ஏற்றாமல் அப்படியே வைத்திருந்தால், மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர்களால் பல சமயம் பெரும் பகுதியை மீட்டுவிட முடியும். மேலே எழுதிவிட்டால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வாணிபம் என்று அது சொல்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு ஏதும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே.

ஆனால் இங்கேதான் சிக்கல். கார்டு "குறையுள்ள பொருள்" அல்லவே! கடைக்காரரின் ஸ்மார்ட் போனில் அது ஓடுகிறது. பொருந்தாமை என்ற புதுவகைக் குறைக்குச் சட்டத்தில் தனிப் பெயர் இல்லை. பொருளின் தரம், தன்மை பற்றித் தகவல் பெறும் உரிமை நுகர்வோருக்கு உண்டு என்று அதே சட்டம் சொல்லும் வாசகத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். போனைக் காட்டி, "இதுக்கு ஆகுமா?" என்று கேட்டு, "ஆகும்" என்று கடைக்காரர் சொல்லி விற்றிருந்தால் நிலைமை வேறு. பொருளின் உபயோகம் பற்றித் தவறாகச் சொல்லி விற்றதாக அது ஆகிறது. அதை நிரூபிக்க வாய்ப்பேச்சு போதாது. பில்லில் போனின் மாடலையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. இணையத்தில் வாங்கியவருக்கு ஓரளவு வசதி உண்டு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. "எல்லா போன்களுக்கும் ஏற்றது" என்று போட்டு விற்றிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியூரில் பிழைக்க வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டில்லியில் இருந்தாலும் பெங்களூரில் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சில நூறு ரூபாய்க் கார்டுக்கு யார் ஆணையத்துக்கு நடப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் போகிற கூலி கார்டின் விலையைவிட அதிகம். அதனால்தான் கடைக்காரர் தைரியமாக இருக்கிறார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கு லீவு போட வேண்டியதில்லை.

மொழி தெரியாத ஊரில் தகராறு எதற்கு என்று பேசாமல் திரும்பிவிடுகிற பழக்கம் தமிழ்த் தொழிலாளிகளிடம் நிறைய இருக்கிறது. ஒருவர் திரும்பினால் நஷ்டம் சில நூறு ரூபாய். ஆயிரம் பேர் திரும்பினால், பொருந்தாத சரக்கை விற்பதே வியாபார முறையாகிவிடுகிறது. பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அக்குழுவின் கவனத்துக்குரியவை என்று சொல்லப்பட்டவற்றில் மொபைல் போன்களும் உண்டு. பழுதாகாத கருவி பழுதானதாகத் தள்ளப்படும் இந்த விவகாரமும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதே. உறையில் இரண்டு வரி போடவும், பிரித்துப் பயன்படுத்த முடியாமல் போன கார்டைச் சில நாட்களுக்குள் மாற்றித் தரவும் ஒரு விதி செய்ய, பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.

எஸ்.பி. ரோட்டுத் தொழிலாளி மறுபடி முதல் கடைக்கே போனார். கூட இருந்த நண்பர் 1915 என்று பேச்சை எடுத்ததும் கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். 64 ஜி.பி. கார்டை வாங்கிக்கொண்டு, 32 ஜி.பி. கார்டு ஒன்றை எடுத்து, அந்தப் பட்டன் போனிலேயே செருகி, பாட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார். வித்தியாசப் பணத்தைத் தரவில்லை. பில்லும் தரவில்லை.